எங்கள் வீட்டு எக்ஸ்சேஞ்ச்

எங்கள் லைன் வீடுகளில் யாரும் வீட்டுக்குள் நின்று செல்போன் பேச மாட்டார்கள். ஜூஜூவாடிப் பக்கம், கர்நாடக எல்லையை ஒட்டி இருந்த தெரு அது. வீட்டுக்குள் இருந்தால் போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங் என்று சொல்லி, வருகிற அழைப்புக்கும் காசு பிடித்துவிடுவார்கள். தெருமுனைக் குழாயடிக்குப் போனால் நம் டவர் கிடைக்கும். அதனால் வெளியூரில் இருப்பவர்கள் முதலில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். நாங்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு நடப்போம். அங்கே போய்ச் சேர்ந்திருப்போம் என்று ஒரு கணக்கு வைத்து அவர்கள் மறுபடி கூப்பிடுவார்கள். சாயங்காலம் ஆனால் குழாயடியில் தண்ணீருக்கு நிற்பவர்களைவிடப் பேச்சுக்கு நிற்பவர்கள் அதிகம்.

என் வீட்டுக்காரர் அப்போது வடக்கே இருந்தார். ஓசூரில் வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் வேலை அவருக்கு. இண்டர்காம், அதன் எக்ஸ்சேஞ்ச் பெட்டி, வயர் எல்லாம் அவர் பொறுப்பு. கம்பெனி இமயமலை அடிவாரத்தில் புதிதாக ஒரு பிளாண்ட் போட்டபோது, ஆறு மாதம் இருந்து எல்லாம் இழுத்துக் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். ஆறு மாதம் எப்போதோ முடிந்திருந்தது. மகள் கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். வீட்டில் நான் மட்டும்.

நான் கெலவரப்பள்ளிப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தின் பேக்கிங் ஷெட்டில் வேலை பார்த்தேன். காம்பின் நீளம் பார்த்துப் பூவைப் பிரித்து அடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. பிப்ரவரியில் வரும் காதலர் தினத்துக்கு முந்தைய வாரங்களில் வெளிநாட்டுக்குப் பூ போகும் என்பதால் வேன் எங்களை இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து விடும். இறங்கும்போது கால் இரண்டும் யாருடையதோ மாதிரி இருக்கும். அந்தக் காலோடு குழாயடிக்கு நடக்க வேண்டும்.

அங்கே போய் என்ன பேசினேன் என்று நினைத்தால் ஒன்றும் ஞாபகம் வருவதில்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் சாப்பாடு, குளிர், மகளுடைய பரீட்சை என்று சுற்றிவந்தால்தான் வாய் வரும். சுற்றி முடிப்பதற்குள் அவர், "சரி வெச்சர்றன், காசு ஓடுது" என்பார். பக்கத்தில் நாலு பேர் வேறு நிற்பார்கள். போதும், வந்துவிடுங்கள் என்ற ஒரு பேச்சை நான் பல மாதமாகக் குழாயடிக்குக் கொண்டுபோய், சொல்லாமல் திருப்பிக் கொண்டுவந்தேன்.

தீபாவளி லீவில் வந்தபோது அவர் கம்பெனி ஏலத்தில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியும் வைத்திருந்தார். அதில் இருந்தது போன் எக்ஸ்சேஞ்ச் சாப்ட்வேராம். எந்தெந்த ஊரிலோ யார் யாரோ உட்கார்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்கள் என்றார்.

"கம்பெனியில பீரோ கணக்கா நிக்குதே எக்ஸ்சேஞ்சு, அத அப்படியே இந்த டப்பாவுக்குள்ள எறக்கிட்டன் பாரு. நெட்டு வழியா பேசலாம். மணிக்கணக்கா பேசு, மீட்டரே கெடையாது."

"மணிக்கணக்கா என்னாத்தங்க பேசறது?"

"நீ பேசாத. நான் பேசறன், நீ கேளு."

கேபிள் டிவிக்காரர் இழுத்துக் கொடுத்த நெட் வயரைக் கம்ப்யூட்டரில் சொருகினார். தீப்பெட்டிக்கட்டு அளவுக்கு ஒரு பெட்டியையும் வைத்து, அதன் பின்னால் சாதாரண போன் ஒன்றை மாட்டினார். அது நூற்றி ஒன்று. அவர் வடக்கே குவார்ட்டர்ஸில் கம்ப்யூட்டரில் ஹெட்போன் மாட்டிப் பேசப்போவது நூற்றி இரண்டு. அறுநூறு என்று இன்னொரு நம்பரும் இருந்தது. அதை அழுத்திப் பேசினால், ஒரு நொடி கழித்து நம் குரலே நமக்குத் திரும்பி வரும். லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அது. லீவு முடிகிற அன்றைக்கு அறுநூறு மட்டும்தான் வேலை செய்தது. மீதியை நான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

பத்தாவது வரை படித்தவள் நான். கம்ப்யூட்டரை எப்படிப் போடுவது, எந்த ஃபைலை எப்படித் திறப்பது, எதை அழுத்தினால் சேமிக்கும் என்பதை மட்டும் காட்டிக் கொடுத்திருந்தார். கறுப்புத் திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் வரிவரியாக நிற்கும். அதில் ஒன்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. வரிக்கு முன்னால் அரைப்புள்ளி இருந்தால் அந்த வரியை மெஷின் படிக்காது. வரி அங்கேயே இருக்கும். ஆனால் இல்லாத மாதிரிதான். வேண்டும் என்றால் அரைப்புள்ளியை எடுத்துவிட வேண்டும்.

என்ன அடிக்க வேண்டும் என்பதை அவர் குழாயடியில்தான் சொன்னார். வேறு வழி இல்லை. அவர் சொல்லச் சொல்ல நான் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்வேன். வீட்டுக்குப் போய் அடிப்பேன். சந்தேகம் வந்தால் மிஸ்டு கால் கொடுத்துவிட்டு மறுபடி குழாயடிக்கு நடப்பேன்.

"சதுர அடைப்பு தொற. நூத்தி ரெண்டு. அடைப்பு மூடு."

"மூடிட்டன்."

"கீழ் வரிக்கு வா."

"வந்துட்டங்க."

எங்கள் லைன் வீடுகளின் சொந்தக்கார அம்மாள் குடத்தை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்கள் எல்லாருக்கும் அக்கா.

"ஏம்மா, ஊட்டுக்காரர்கிட்ட பேசறியா, டியூசன் படிக்கறியா? தெறக்கற, மூடற, கீழ வர்ற. எங்க ஊட்ல அவரு அடுத்த ரூம்ல இருந்தே என் பேச்ச கேக்கறதில்ல. நீ அவ்ளோ தூரத்துல இருக்கறவரு பேச்ச இப்படி கேக்கற!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தப்பு நிறைய செய்தேன். ஒரு இடத்தில், "அந்த வார்த்தைக்கு அப்புறம் அடியில கோடு" என்றார். தாளில் அந்த வார்த்தைக்கு அடியில் நீளமாகக் கோடு போட்டுக்கொண்டேன். கீ-போர்டில் வார்த்தைக்கு அடியில் கோடு போடுவது எப்படி என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எழுத்துக்குப் பக்கத்திலேயே தரையில் கிடக்கிற மாதிரி ஒரு கோடு அது என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு நடை. ஊசி முனை அளவு முள் ஏறிய விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தும்போது, எதற்கு இந்த வயதில் இந்தப் பாடு என்று இருக்கும். ஆனால் எக்ஸ்சேஞ்ச் ஓடிவிட்டால் வீட்டுக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றிவளைத்துப் பேசி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். அதற்காகத்தான் அடித்தேன்.

வெளியூரிலிருந்து நம் கம்ப்யூட்டரைக் கூப்பிட ஒரு தனி நம்பர் வேண்டும், கேபிள்காரரிடம் கேட்டு வாங்கு என்றார். அந்தக் கடை வாசலில் இரண்டு சாயங்காலம் நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது முறை கேபிள்காரரே வெளியே வந்து, "என்னாக்கா, படம் தெரியலையா?" என்று கேட்டார். தாளை நீட்டினேன். படித்துவிட்டு, "இத யாருக்கா கேக்கச் சொன்னது?" என்று என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். ஆனால் கொடுத்தார்.

ஒருவழியாக எல்லா வரியும் முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை குழாயடியில் அவர் உற்சாகமாக இருந்தார்.

"ஒரே ஒரு வரிதான் இனிமே. நாட்னு ஆரம்பிக்கும் பாரு, அதுக்கு முன்னால இருக்கற அரைப்புள்ளிய எடுத்துரு. அத எடுக்காட்டி ஒருத்தர் பேசறதுதான் கேக்கும், இன்னொருத்தர் பேசறது கேக்காது. அத எடுத்துட்டன்னா முடிஞ்சுது. நாளைக்கி மத்தியானம் நான் கூப்புடறன். இது மட்டும் ஓடிருச்சுன்னா ரெண்டு வருசம் போறதே தெரியாது."

"எந்த ரெண்டு வருசங்க?"

அவருக்குப் பின்னால் யாரோ இந்தியில் சத்தம் போடுவது கேட்டது.

"இங்கயே இருக்கறியான்னு எச்.ஆர்ல கேக்கறாங்க. பேப்பர் குடுத்துட்டாங்க. நான் இன்னும் கையெழுத்துப் போடல புள்ள. இது ஓடுதா, பேச கொள்ள வசதியா இருக்குதான்னு பாத்துட்டு, திங்கக்கெழம போடலாம்னு இருக்கறன். நீ என்னா சொல்ற?"

அக்கா குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வரிசையில் நின்ற மற்றவர்களும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"சரிங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரண்ட் இல்லை. துணி துவைத்தேன். சோறு வடித்தேன். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டு அந்த ஃபைலைத் திறந்தேன். நாட் வரி இருந்தது. அதற்கு முன்னால் அரைப்புள்ளியும் இருந்தது.

நான் எடுக்காமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பத்தாவது படித்தவள், ஏதோ தப்பாக அடித்துவிட்டாள் என்றுதான் நினைப்பார். எக்ஸ்சேஞ்ச் ஓடாது. கையெழுத்துப் போட மாட்டார். மனம் அதைத்தான் சொன்னது. ஆனால் அப்படி வந்தால், போன் சரியில்லை என்பதால் வந்தவராகத்தான் இருப்பார்; நான் கூப்பிட்டு வந்தவராக இருக்க மாட்டார். இன்னொன்றும் உண்டு. அத்தனை நாள் நடந்து நடந்து எழுதிய வரிகள் அவை. கடைசி வரியைக் கெடுத்து வைக்கக் கையும் வரவில்லை.

போனை எடுத்து அறுநூறை அழுத்தினேன்.

"வந்துடுங்க" என்றேன்.

ஒரு நொடி கழித்து, "வந்துடுங்க" என்று திரும்பி வந்தது. கடையில் நின்று சில்லறை கேட்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல். அதைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். மறுபடி சொன்னேன். கொஞ்சம் சத்தமாக. இப்போது சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி வந்தது. "எனக்கு முடியலைங்க, வந்துடுங்க" என்றேன். அது திரும்பி வந்தபோது கேட்க முடியாமல் போனை வைத்துவிட்டேன். என் குரல் இவ்வளவு களைத்திருக்கிறது என்று அதுவரை எனக்கே தெரியாது.

பிறகு அரைப்புள்ளியை எடுத்தேன். சேமித்தேன். அவர் சொன்னபடி எக்ஸ்சேஞ்சை ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் மணி அடித்தது. குழாயடிக்கு நடக்காமல், உட்கார்ந்த இடத்திலேயே எடுத்தேன்.

"ஹலோ, ஹலோ, கேக்குதா?"

"கேக்குதுங்க."

"நீ பேசறதும் கேக்குது! பக்கத்துல ஒக்காந்து பேசற மாதிரி இருக்குது. ஏ, ஓடுது பாத்தியா! நான் சொன்னன்ல? அந்த வரிய எடுத்தியா?"

"அரைப்புள்ளிய எடுத்தங்க."

"பின்ன! கம்பெனியில டிப்ளமா பசங்க ரெண்டு பேரு இருக்கறாங்க, அவனுங்களுக்கே..."

"நான் பேசறது நல்லா கேக்குதுங்களா?"

"கணீர்னு கேக்குது."

வழக்கம்போலச் சாப்பாடு, குளிர் என்று ஆரம்பிக்கத்தான் இருந்தேன். மீட்டர் இல்லை. வேண்டிய மட்டும் சுற்றலாம். ஆனால் சுற்றவும் தெம்பில்லை.

"அப்ப கேளுங்க. கையெழுத்துப் போடாதீங்க. வந்துடுங்க. எனக்கு முடியல."

ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று கம்ப்யூட்டரைப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்னாங்க, கேக்கலயா?"

"கேட்டுச்சு" என்றார். "இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்னா?"

"குழாயடியில எப்டிங்க சொல்றது?"

அவர் சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை. அதன் பிறகும் ரொம்ப நேரம் நாங்கள் போனை வைக்கவில்லை. அங்கே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. இங்கே அக்கா வீட்டு மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவர் கையெழுத்துப் போடவில்லை. வெயில் ஆரம்பித்தபோது வந்து சேர்ந்தார். வந்ததால் நல்லது நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஓசூர் பிளாண்டில் அவருடைய எக்ஸ்சேஞ்ச் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவரை உதிரிபாகம் செய்கிற லைனில் ஷிப்டில் போட்டார்கள். அந்த வயதில் நைட் ஷிப்ட். வரச்சொல்லிக் கேட்டிருக்க வேண்டாமோ என்று சில நாள் எனக்குத் தோன்றும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரே வீட்டில் இருந்தும் வாரக்கணக்கில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. நான் வேன் ஏறிப் போன பிறகு அவர் வருவார்; நான் வருவதற்குள் கிளம்பியிருப்பார். கம்ப்யூட்டரை அவர் நிறுத்தவில்லை. ஆள் இல்லாதபோது பேசி வைத்துவிட்டுப் போகிற வசதி ஒன்று அந்த எக்ஸ்சேஞ்சில் இருந்ததாம். அதையும் ஓடவிட்டார். போனை எடுத்தால் வழக்கமான சத்தத்துக்குப் பதிலாக விட்டு விட்டு ஒலிக்கும். உள்ளே பேச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

வேனிலிருந்து இறங்கி வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் போனை எடுத்துப் பார்ப்பேன். விட்டு விட்டு ஒலித்தால், தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு கேட்பேன்.

"கொழம்பு அடுப்பு மேலயே இருக்குது, சூடு பண்ணிக்க. மோட்டர் போட்டுட்டன், தொட்டி ரொம்பிருச்சு. நான் கெளம்பறன்."

அவ்வளவுதான் இருக்கும். இன்னொரு முறை கேட்டுவிட்டு எழுந்திருப்பேன்.