வலப்பக்கம் திரும்பிய பசை

மீன்தொட்டிக் கடைக்காரர் மனைவிக்கு எல்லாமே இடது கைதான். கடையில் விற்கிற கண்ணாடிக் குடுவைகளுக்கு மூடி ஒட்டுவது அவள் வேலை. உள்ளே தண்ணீர், ஒரு கொத்துப் பாசி, நகத்தளவு இறால் மூன்று. மூடியைச் சுற்றிப் பசை தடவி ஈர விரலால் இழுத்து முடிப்பாள். கடைசியில் இடப்பக்கம் திரும்பிய சின்ன வால் ஒன்று நிற்கும். அப்புறம் திறக்கவே வேண்டாம். இரை வேண்டாம், தண்ணீர் மாற்ற வேண்டாம். சோம்பேறிகளுக்கென்றே கண்டுபிடித்த பாசம்!

"இரை போடாம எப்படிங்க உயிரோட இருக்கும்?" என்று ஆரம்பத்தில் அவளும் கேட்டவள்தான்.

"உள்ளே இருக்கற பாசியைத் தின்னுக்கும். நம்பலைன்னா நீயே ஒண்ணை மூடி வீட்டுல வச்சுப் பாரேன்" என்றார் கணவர்.

அவளே ஒன்றை மூடி, வீட்டு ஜன்னலோரம் வைத்தாள். எட்டு வருஷமாகியும் மூன்றும் துறுதுறுவென்று திரிந்தன. கடையில் யார் தயங்கி நின்றாலும், "எங்க வீட்டுது எட்டு வருஷமா ஜம்முனு இருக்குங்க" என்பாள். அந்த வெள்ளந்தி முகத்தைப் பார்த்தபின் யாரும் வெறுங்கையோடு போனதில்லை.

அன்று ஜன்னலைத் துடைக்கக் குடுவையைத் தூக்கினாள். பசையின் வால் வலப்பக்கம் திரும்பியிருந்தது. அந்த வீட்டில் வலது கைக்காரர் அவர் ஒருவர்தான். குடுவையை அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டினாள்.

"செத்துப்போச்சு, வேற போட்டேன். இதுக்குப் போய் முகத்தைத் தூக்கி வச்சுக்கறியே!" என்றார் அவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

"எத்தனை தடவை?"

"அதையெல்லாம் யாரு எண்ணினா?"

"அப்ப நான் கடையில சொன்னதெல்லாம்?"

"நீ எங்க பொய் சொன்னே? உனக்குத்தான் தெரியாதே. உன் மூஞ்சியில பொய் நிக்காது, அதனாலதான் உங்கிட்ட சொல்லல."

அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. இத்தனை வருஷமாக அவர் விற்றது இறாலை அல்ல, அவள் வாக்கை. அது அவளுக்குத் தாங்கவில்லை.

கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தாள். முன்பு குடுவை வாங்கிப்போனவள். "இன்னொண்ணு வேணும்க்கா. அது செத்துப்போச்சு. உங்க வீட்டுது மட்டும் எட்டு வருஷம் இருக்கே, நாம சரியாப் பாத்துக்கலைன்னு எம் பொண்ணு ஒரே அழுகை. நாமதான் கொன்னுட்டோம்ங்கறா."

கல்லாவிலிருந்து கணவர் குரல் கொடுத்தார். "நம்ம வீட்டுது எப்படி இருக்குன்னு சொல்லேன்."

"எங்க வீட்டுலயும் செத்துச்சும்மா. பல தடவை" என்றாள். "உள்ளே இரை பத்தாமத்தான் செத்திருக்கும். உங்க பொண்ணு ஒண்ணும் பண்ணலை. மூடினது நான். போய்ச் சொல்லிடுங்க."

கணவர் எழுந்து வருவதற்குள் இடது கையில் கத்தியை எடுத்து, அலமாரியின் முதல் குடுவையில் பசையை அறுக்க ஆரம்பித்திருந்தாள்.