மூலையில் நின்றவளின் கை

ரயில் நிலைய முன்பதிவுக் கவுண்டரில் வேலை பார்ப்பவர்களுக்கு முகங்களை விடக் கைகள்தான் அதிகம் பழக்கம். கண்ணாடிக்குக் கீழே அரைவட்டமாக ஓர் இடைவெளி உண்டு. அதன் வழியே கை வரும், பணம் வரும், சீட்டு போகும், கை போகும். திண்டுக்கல்லில் என் கவுண்டருக்கு வரும் கைகளை ஊர் வாரியாகச் சொல்லிவிடுவேன். சின்னாளபட்டிக் கைகளில் சாயம் நகத்தோரத்தில் தங்கியிருக்கும். அய்யலூர் சந்தை முடிந்து வரும் கைகளில் ஆட்டு வாடை வீசும். இந்த ஆண்டு பங்குனி உத்திரக் கூட்டம் பழனியிலிருந்து வடிந்த மறுவாரம், ஒரு திங்கட்கிழமை முற்பகலில் வந்த கையில் வாடையும் இல்லை, சாயமும் இல்லை. மோதிர விரல் மட்டும் நடுக்கணுவில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"ஏனுங்க, மெட்ராஸுக்கு ரெண்டு டிக்கெட்டுங்க. ஒண்ணு மட்டும் கீழ் பெர்த்தா பார்த்துக் குடுங்க" என்றது குரல். பழனிப் பக்கத்துக் குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியாது. விரலைத் தெரியும். கல்லூரி இரண்டாம் ஆண்டில், கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில் அது பிசகியபோது பிடித்து இழுத்து நேராக்க முயன்றவள் நான்தான். நேராகவில்லை.

அவள் எங்கள் கபடி அணியின் கேப்டன். சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமம். வீட்டில் சம்பங்கித் தோட்டம். சனி, ஞாயிறு ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை அதிகாலைப் பேருந்தில் நேராக மைதானத்துக்கு வருவாள். அன்று மட்டும் அவள் கையில் பூ மணக்கும். எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அவள் இடது மூலை, நான் அதற்கு அடுத்த இடம். எதிரணியிலிருந்து ஒருத்தி 'கபடி, கபடி' என்று பாடிக்கொண்டு வரும்போது மூலையில் நிற்பவளும் அடுத்தவளும் கை கோத்துத்தான் நிற்பார்கள். மூன்று ஆண்டுகள், மழை நாட்களும் தேர்வு நாட்களும் போக, தினமும் காலையும் மாலையும். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். என் வாழ்நாளில் வேறு எவர் கையையும் அத்தனை நேரம் நான் பிடித்ததில்லை.

கோத்த கைக்குள் எங்களுக்கு ஒரு பேச்சு இருந்தது. களத்தில் வாயைத் திறந்தால் எதிராளிக்குக் கேட்டுவிடும். அதனால் ஒரு முறை அழுத்தினால், "நான் கணுக்காலுக்குப் பாயப் போகிறேன், நீ பின்னால் வந்து இடுப்பைப் பிடி." இரண்டு முறை அழுத்தினால், "விடு, போகட்டும்." இதை யாரும் கற்றுத்தரவில்லை. கை கோத்து ஆடும் எந்த இருவருக்கும் ஏதோ ஒரு விதத்தில் இது அமைந்துவிடும். "மூலையில நிக்கிறவளுக்குக் கை பிடிக்க ஒரு பக்கந்தான்டி, மறுபக்கம் வெறுங்கோடு" என்பாள் கேப்டன். "அதனால அந்த ஒரு கை தூங்கக் கூடாது. தூங்குன, கடிச்சு வச்சிருவேன்."

விடுதியில் எங்களுக்கு முட்டைக்காரிகள் என்று பெயர். விளையாடும் பெண்களுக்கு மட்டும் காலையில் இரண்டு அவித்த முட்டையும் பாலும் தனியாக உண்டு. போட்டிகளில் தோற்றுக்கொண்டே இருந்தால் முட்டை நின்றுபோகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் உடற்கல்வி ஆசிரியையை பி.டி. மேடம் என்போம். கண்டிப்பானவர். ஒருமுறை பயிற்சியில் நான் தயங்கி நின்றபோது, "விழுறதுக்குப் பயந்தா வீட்ல போய்ச் சோறாக்கு" என்றார். பக்கத்தில் நின்ற கேப்டன், "சோறாக்குறவளும் விழத்தான் செய்றா மேடம். யாரும் விசில் ஊதறதில்ல, அம்புட்டுதான்" என்றாள். மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே எங்கள் இருவரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்.

கடைசி ஆண்டில் அவளுக்கு ஆட்டம் வெறும் ஆட்டமாக இல்லை. அவளுடைய அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால் வேலைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் வருகிற ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் குடும்பம். கெட்ட இடம் என்று அவளே சொன்னதில்லை. "நல்ல எடந்தான்டி. ஆனா அது அவுக எடம்" என்று மட்டும் சொன்னாள். கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்தைப் பார்க்க வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் வருவார்கள். அந்த ஓர் ஆட்டத்தில் அவர்கள் கண்ணில் பட்டாக வேண்டும். ஆட்டத்துக்கு முந்தின வாரம் பயிற்சியில் அவளுடைய வலது முழங்கால் திருகிக்கொண்டது. மேடத்திடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. காலில் பாரம் மாறும்போதெல்லாம் கோத்த கை ஒரு கணம் கனத்தது, அதனால் தெரிந்துகொண்டேன்.

அன்று மழை பெய்ததாக அணியில் சிலர் இப்போதும் சொல்கிறார்கள். பெய்யவில்லை. முந்தின நாள்தான் பெய்தது. தரை இறுகி, விழுந்தால் தோல் வழிக்கும் பதத்தில் இருந்தது. ஆட்டம் முழுவதும் அவள் ஒரு பிடிகூடப் போடவில்லை. வந்தவர்கள் எல்லோரையும் இரண்டு முறை அழுத்திப் போகவிட்டாள். கடைசிப் பாட்டுக்கு எதிரணிப் பெண் உள்ளே வந்தபோது நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். அவளைத் தொடவிடாமல் ஒதுங்கி நின்றால் போதும், கோப்பை எங்களுக்கு. பாய்ந்து பிடி நழுவினால் எல்லாம் போய்விடும். கபடி தெரிந்த யாரும் அந்த நேரத்தில் பாயமாட்டார்கள். அணிக்கு அந்தப் பிடி தேவையில்லை. அவளுக்குத் தேவை. வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அதுவரை அவளைப் பார்க்கவே இல்லை.

நான் இரண்டு முறை அழுத்தினேன். அவள் ஒரு முறை அழுத்தினாள். நான் மறுபடியும் இரண்டு முறை அழுத்தினேன். அவள் கையை உருவிக்கொண்டு பாய்ந்துவிட்டாள். கணுக்கால் சிக்கியது. எதிராளி இழுத்துக்கொண்டு நகர, கேப்டனின் முழங்காலிலிருந்து நனைந்த துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் வந்தது. நான் பின்னால் போய் எதிராளியின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். விசில் ஊதினார்கள். எல்லோரும் என்னைத் தோளில் தூக்கினார்கள். மேலேயிருந்து பார்த்தபோது அவள் மூலையில், கோட்டுக்கு வெளியே காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். மேடம் மட்டும் அவளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

நாற்காலியில் இருந்தவர்கள் குறித்துக்கொண்டது இடுப்பைப் பிடித்தவளை. மருத்துவமனைக்கு அவளைப் பார்க்கப் போனேன். அவள்தான் பேசினாள். "சுத்தமான பிடிடி. நான் தரையில கெடந்து பாத்தேன். ஒண்ணும் யோசிக்காத, போ." ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் நடந்த வாரத்தில் நான் திருச்சியில் ரயில்வே பணிப் பயிற்சியில் இருந்தேன். மணமேடையில் அணியே அவளோடு கை கோத்துப் படம் எடுத்துக்கொண்டதாம். எனக்கு வந்த பிரதியில் அவளுக்கு அடுத்த இடத்தில் வேறொருத்தி நின்றாள்.

விளையாட்டு எனக்கு என்ன தந்தது என்று கேட்டால் சொல்ல நிறைய உண்டு. சம்பளம் தந்தது. அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்க்க முடிந்தது. விழத் தெரியும், போன ஆண்டு ஐப்பசியில் ஈரப்படியில் சறுக்கியபோது உடம்பு தானாகவே உருண்டு எழுந்துகொண்டது. கவுண்டருக்கு வெளியே கூட்டம் எவ்வளவு கத்தினாலும் எனக்கு நெஞ்சு படபடப்பதில்லை. எடுத்துக்கொண்டதும் உண்டு. துறை அணியில் ஆடிய ஆண்டுகளில் ஒவ்வொரு அணித் தேர்வுக்கு முன்பும் தோள்பட்டையில் ஊசி போட்டுக்கொண்டேன், தொடர்ந்து ஆடினால்தான் ஒதுக்கீட்டில் வந்ததற்கு நியாயம் என்பதால். பெண் பார்க்க வந்தவர்கள் இந்த ஆண்டுப் போட்டி முடியட்டும், அடுத்த ஆண்டு முடியட்டும் என்ற என் பதிலைக் கேட்டுக் கேட்டு வராமல் போனார்கள். பிறகு ஒருநாள் வயதாகிவிட்டது என்று அணியிலிருந்து எடுத்துக் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். ஏழு பேராக ஆடிக் கிடைத்த வேலையை ஒருத்தியாக உட்கார்ந்து பார்க்கிறேன். இன்றைக்கும் விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. போக மைதானம் இல்லை. இரண்டு முட்டையை அவித்து அடுப்படியில் நின்றபடியே தின்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை கீழ் பெர்த் கிடைத்தது. சீட்டைத் தள்ளும்போது அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன். "கேப்டன்" என்றேன்.

கை அசையவில்லை. பிறகு அவள் குனிந்து இடைவெளிக்குள் பார்த்தாள். முடி பாதி நரைத்திருந்தது. "அடியே, முட்டைக்காரி" என்றாள். பழனிப் பேச்சு எங்கோ போய்விட்டது. "இங்கதான் உக்காந்திருக்கியா? கண்ணாடிக்குள்ள காட்சி மாதிரி?"

"மெட்ராஸுக்கு என்ன விசேஷம்?"

"இந்த முட்டி இருக்குல்ல, அதுக்குத்தான் விசேஷம். மாத்தணும்னு இங்க உள்ள டாக்டரு சொல்லிட்டாரு. வீட்டுக்காரரு வெளிய ஆட்டோவ நிறுத்தி வச்சிருக்காரு."

பின்னால் நின்ற ஒருவர், "யக்கா, பேச்ச வெளிய வச்சுக்கங்க. எனக்கு வண்டி போயிரும்" என்றார்.

"செத்த நேரம் அந்தப் பெஞ்சில உக்காரு. கவுண்டர மூடிட்டு வாரேன்" என்றேன். இன்னும் அவள் கையை நான் விடவில்லை. உள்ளங்கையில் பூ மணம் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

 வளைந்த விரல் என் கையை இரண்டு முறை அழுத்தியது.

அன்று மைதானத்தில் நான் அழுத்தியபோது அவள் கேட்கவில்லை. நான் கேட்டேன். கையை விட்டேன். அவள் எப்படி நடந்து போனாள் என்று பார்க்க முடியவில்லை, அந்தப் பக்கத்துக் கண்ணாடி முழுக்க அறிவிப்புகளை ஒட்டியிருக்கிறார்கள். இடைவெளியில் அடுத்த கை வந்தது. அதில் ஐந்து விரல்களும் நேராக இருந்தன.