நழுவும் தோள்

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் முழங்காலில் நின்று, இரண்டு கைகளையும் சிலுவைபோல் விரித்தபடி செபமாலை சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். பாதிச் செபத்தில் என் தோள்மூட்டு நழுவும். கையை இறக்கினால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். "ஆண்டவருக்காகச் செத்த நேரம் தாங்கக் கூடாதா?" என்பாள். கல்லூரி முடித்த வருஷம், அப்படித் தாங்கிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தேன்.

அதன்பிறகு எழுந்து நின்றாலே நெஞ்சு படபடத்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, இ.சி.ஜி.யிலும் ஒன்றும் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பிவிட்டார்கள். தொண்ணூறுகளில் அவர் பெயர்போனவர். நல்ல மனிதர்தான், ஆனால் கேள்வியெல்லாம் கூட வந்தவரிடம்தான் கேட்பார்.

"சின்னதுலேருந்தே பயந்த புள்ள சார். ஒரு குடம் தண்ணி தூக்குனாக்கூட கை கழண்டுருச்சும்பா" என்று அம்மா சொல்ல, எழுதிக்கொண்டார். நிஜமாகவே கழன்றது என்று நான் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். எந்த அர்த்தத்தில் எழுதினார் என்பது, மாத்திரையைக் கூட்டியபோதுதான் புரிந்தது.

மாத்திரையில் பயம் குறைந்தது, வலி குறையவில்லை. வந்த வரன்கள் விஷயம் தெரிந்ததும் விலகிக்கொண்டன. மாலையில் வடமதுரைப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டுத் திரும்பி, விலகிய மூட்டை நானே தள்ளிப் பொருத்திக்கொண்டு படுத்திருப்பேன். அடுப்படியில் அம்மா பாத்திரம் உருட்டுவது கேட்கும். யாரிடமும் எதுவும் சொல்வதை விட்டுவிட்டேன். ஒருவேளை நான்தான் பொய் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. வலியைவிட அதுதான் கொடுமை.

பல வருஷம் கழித்து, அந்த மருத்துவர் ஊரைவிட்டுப் போனபின், அவர் இடத்துக்கு ஒரு பெண் மருத்துவர் வந்தார். அம்மா வழக்கம்போல ஆரம்பித்ததும், "அவங்களே சொல்லட்டும்மா" என்றார். சொன்னேன். கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொடச் சொன்னார். தொட்டது. முழங்கை பின்பக்கம் வளைவதையும் பார்த்தார்.

"மூட்டைப் பிடிச்சு வைக்கிற நார் ரொம்பத் தளர்வா இருக்கு. படபடப்புகூட அதோட சேர்ந்து வரலாம். உங்க பயமும் நிஜம், வலியும் நிஜம். எலும்பு டாக்டரையும் பாத்துருவோம்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் அம்மா தன் கட்டைவிரலை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சிரமமே இல்லாமல் முன்கையில் படிந்திருந்தது.

"உங்களுக்கும் வலிக்குமாம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

"வலிக்கும்" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்கும்னு இருந்துட்டேன், தாயி."