செவலைக்குட்டிக்குக் கட்டிய கயிறு

பெரியப்பா தன் கையாலேயே முறுக்கி, மூன்று முடிச்சுப் போட்டு அந்தச் செவலைக்குட்டியின் கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிறு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கண்ணுபட்டுவிடக் கூடாதாம். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரை வாழைத்தோட்டங்களை ஒட்டிய ஊர் எங்களுடையது. அங்கே வெள்ளாட்டைப் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மனிதர்களைப் பற்றிச் சொன்னாலும் அப்படித்தான் என்று அவராக நினைத்துக்கொண்டார்.

கிடாவும் கறுப்பு, தாயாடும் கறுப்பு. பிறந்ததோ தலைமுதல் குளம்புவரை செவலை. ஆடு பிடிக்க வந்த வியாபாரி, "என்ன அண்ணாச்சி, தாயாடு வேலி தாண்டிட்டோ?" என்று சிரித்தார். பெரியப்பாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "கூறுகெட்டதனமாப் பேசாதேயும் வே. இதோட ஆத்தாளுக்கு ஆத்தா செவலை. அது உள்ளயே கெடந்து இப்ப வெளிய வந்திருக்கு. நம்ம கிடா போட்ட குட்டிதாம்வே" என்றார். ஒரு ஆட்டின் மானத்துக்காக அவ்வளவு ரோஷம்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் விலங்கியல் முதலாண்டு. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பெற்றவர்களிடம் தெரியாத நிறம் பிள்ளையிடம் தெரிவதை அந்த மாதம்தான் வகுப்பில் நடத்தியிருந்தார்கள். மறைந்திருப்பது பெரும்பாலும் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெளியே தெரியும். அதில் பாதியைப் பெரியப்பா படிக்காமலே தெரிந்துவைத்திருக்கிறார் என்று கொஞ்சம் வியக்கவும் செய்தேன். வீணாய்ப் போன வியப்பு.

அதே மாதம் அவருடைய பேரனுக்குப் பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தலைப்பேரனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரைத்தான் வைப்போம். இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டுவதும் அந்தத் தாத்தாதான். பிள்ளைக்குப் பூனைக்கண். பெரியப்பா மகனான அண்ணனுக்கும் மதினிக்கும் கருவிழி. சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில் பெரியப்பா கயிற்றைத் தட்டிலேயே போட்டார். "எங்க வம்சத்துல பூனைக்கண்ணே கெடையாது. எம் பேரை இதுக்கு வைக்கப்படாது."

"செவலைக்குட்டிக்கு மட்டும் பாட்டி நெறம் வரலாமா, பெரியப்பா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, ஆடும் மனுசனும் ஒண்ணா? ரெண்டெழுத்துப் படிச்சவுடனே சபையில வாய் நீளுதோ?"

ஆட்டுக்கு மூன்று தலைமுறை ஞாபகம் வைத்திருந்தவர், தன் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு தலைமுறைகூடத் தரவில்லை. அவரைவிடக் கேவலம் அண்ணன். பெற்ற தகப்பன் இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தான். மதினிதான் எழுந்தாள். "ஒங்க பேரு ஒங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. எம் பிள்ளைக்கு எங்கய்யா பேரு போதும்." அப்படியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தச்சநல்லூருக்கு, தாய்வீட்டுக்கு, பஸ் ஏறினாள். திரும்பவில்லை. துணிக்கடையில் வேலை பார்த்து மகனை வளர்க்கிறாள். அவன் இப்போது ஆறாம் வகுப்பு. என்னைக் கண்டால் அந்தப் பூனைக்கண்ணைச் சுருக்கிச் சிரிப்பான். பெரியப்பா சிரிக்கும்போதும் கண் அப்படித்தான் சுருங்கும். நிறத்தை மட்டுமே பார்த்தவருக்கு அது தெரிந்திருக்காது.

போன மாதம் ஆளனுப்பி என்னை வரச் சொன்னார். படுக்கையில் கிடந்தார். அண்ணனுக்கு வேறு பிள்ளை கிடையாது.

"நீ படிச்சவ தாயி. நீ சொன்னா ஒம் மதினி கேப்பா. எம் பேரன் வந்து நெய்ப்பந்தம் பிடிக்காண்டாமா?" என்றார். பேரப்பிள்ளை நெய்ப்பந்தம் பிடிக்காமல் எங்கள் ஊரில் பாடை கிளம்பினால் அது பெருங்குறை. தலையணைக்கடியிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்து என் கையில் திணித்தார். "இதை அவனுக்குக் கட்டச் சொல்லு."

"இப்ப மட்டும் அவன் ஒங்க வம்சமா, பெரியப்பா?"

சாகக் கிடக்கும்போதும் தப்பு என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. தன் பாடைக்கு ஆள்தான் தேடினார்.

கயிற்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கொட்டகையில் அந்தச் செவலையின் வழியில் வந்த குட்டி ஒன்று நின்றது. அதன் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.