திருநீறு போட்டுத் தேய்த்த செல்போன்

எங்களோடு வசிக்கும் நாத்தனார் மல்லிகாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. நாம் பேசுவதை வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வாள். வேங்கிக்கால் தையல் வகுப்புத் தோழிகளோடு அவள் பேசுவதெல்லாம் செல்போனில் எஸ்.எம்.எஸ். வழியாகத்தான்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் போனபோது, அவளிடம் சொல்லாமல் அந்த செல்போனை எடுத்துப்போனேன். பைக்குள் வீட்டுச் சாவியோடு உரசி, திரையில் நான்கைந்து கீறல்கள் விழுந்துவிட்டன. அவள் பார்ப்பதற்குள் போக்கிவிட நினைத்தேன். எங்கள் வீட்டில் வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத்தான் துலக்குவோம்; பளபளவென்று ஆகிவிடும். அதேபோல் திரையையும் அழுத்தித் தேய்த்தேன். கீறல் போகவில்லை. மேலே இருந்த பிளாஸ்டிக் முழுக்க வெளுத்து, ஓர் எழுத்துகூடத் தெரியாமல் போனது.

பேசாமல் அவள் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றாள். "என்னாச்சு இது?" என்று கணவர் என்னைக் கேட்டார்.

"அவளே எதுனா பண்ணியிருப்பா. காது கேக்காதவளுக்கு செல்போன் எதுக்குங்க? தண்டம்" என்றேன்.

மல்லிகா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செல்போனை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பட்டன் இடுக்கெல்லாம் திருநீறு.

வேறு வாங்கித் தருகிறேன் என்று அவர் சொல்லியும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

கீறல் விழுந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்; தேய்த்தால் ஜாஸ்திதான் ஆகும். நான் இப்போது எதையும் தேய்ப்பதில்லை. மல்லிகா எதிரில் இருந்தால், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசுகிறேன்.