எனக்கு எவ்வளவு இடம்?

தாராபுரத்தில் நானும் என் கணவரும் ஒரே கம்ப்யூட்டரைத்தான் பயன்படுத்தினோம். அவருக்குக் கோழிப்பண்ணைக் கணக்கு, எனக்கு எம்பிராய்டரி டிசைன்கள். கோபம் வந்தால் என் டிசைன்களை அழித்துவிடுவார். அதனால் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். மாட்டுவதற்கு இருவரும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம்.

"டிஸ்க்க எத்தனை பாகமாப் பிரிக்கட்டுங்க?" என்று கேட்டாள் கடையை நடத்தும் சல்மா.

"ஒண்ணே போதுமுங்க. இவளுக்கெதுக்குத் தனியா?" என்றார் அவர்.

"ரெண்டாப் பிரிங்க அம்மணி. என்னுதுக்குப் பாஸ்வேர்டு போட்டுக் குடுங்க" என்றேன்.

உடனே என் கன்னத்தில் அறை விழுந்தது. தலைமுடியைப் பற்றி முகத்தை மேசையில் மோதினார். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. வீட்டில் பழகியதுதான் என்பதால் நான் கத்தவில்லை. சல்மாதான் கத்தினாள். கையிலிருந்த கீபோர்டால் அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். எழுத்துக் கட்டைகள் தரையெங்கும் தெறித்தன.

"கைய எடுங்க! இன்னொருக்காத் தொட்டீங்கன்னா போலீசக் கூப்புட்டுப் போடுவேன்!"

அவர் திட்டிக்கொண்டே வெளியேறினார். சல்மா என் உதட்டில் ஈரத்துணியை ஒற்றினாள்.

"அக்கா, உங்களுக்கு எவ்வளவு இடம் வேணுங்க?"

"முழுசும்" என்றேன்.

அந்த டிஸ்க்கோடு கொடுமுடியிலுள்ள என் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். இன்றுவரை திரும்பவில்லை. சல்மா கேட்ட அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.