லாவெய்

கணபதி என்ற பகுதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்த ரவிக்குமாருக்கு 1998-இல் தைவானில் ஒரு மெஷின் கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மனைவி மதிவதனி மாமனார் மாமியாரோடு இங்கேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு அவன் போன் வரும்.

"எல்லாம் சீன எழுத்து, பஸ் போர்டுகூடப் படிக்க முடியல மதி. நீ படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்லிக்குடு" என்றான் ஒருநாள், விளையாட்டாக.

அவள் நிஜமாகவே படிக்கக் கிளம்பிவிட்டாள். காந்திபுரத்தில் யாகூப்பின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடி, சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சல் வழியாகச் சீன எழுத்து சொல்லித்தரும் லிம் டீச்சரின் வகுப்பில் சேர்ந்தாள். எந்தக் கோட்டை முதலில் இழுப்பது, எதை அடுத்து இழுப்பது என்று படம் போட்டு வரும். கட்டம் போட்ட தாளில் இவள் எழுதுவதை யாகூப் ஸ்கேன் பண்ணி அனுப்புவான். தப்புகளைச் சிவப்பில் சுழித்து டீச்சர் திருப்பி அனுப்புவார்.

"வாங்கறதுங்கற எழுத்துக்கும் விக்கறதுங்கற எழுத்துக்கும் தலையில துளிதானுங்க வித்தியாசம். நான் எப்பிடிக் கடைக்குப் போறது?" என்று போனில் கேட்டாள். அவன் சிரித்த சிரிப்பு பூத்துக்காரருக்கே கேட்டது.

கம்பெனியில் ரவி என்பதை 'லாவெய்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பேரின் இரண்டு சீன எழுத்தையும் தன் அடையாள அட்டையைப் பார்த்துக் கடிதத்தில் வரைந்து அனுப்பியிருந்தான். கோணல்மாணலாக இருந்தது. அவள் அதை அனுப்ப, டீச்சர் திருத்திக் கொடுத்தார்.

1999 அக்டோபரில் அவள் புறப்படுவதாக இருந்தது. செப்டம்பரில் அங்கே பூமி அதிர்ந்தது. அவன் தங்கியிருந்த கட்டடம் இடிந்து விழுந்தது.

அங்கேயே எரித்துவிட்டார்கள். கூட வேலை பார்த்த நஞ்சுண்டன் சாம்பலை ஒரு பீங்கான் ஜாடியில் கொண்டுவந்தான். மாமனார் அங்கப்பன் அதைத் தொடவில்லை.

"எத்தனையோ பேரு செத்திருக்கறாங்க. இது எம்பையந்தான்னு எப்பிடீங்க தெரியும்?"

"பேரு எழுதியிருக்குதுங்க."

நஞ்சுண்டனுக்கும் அதைப் படிக்கத் தெரியாது. எல்லாரும் மதிவதனியைப் பார்த்தார்கள்.

அவள் ஜாடி முன்னால் உட்கார்ந்தாள். வேறு யாருடைய பேராவது இருந்துவிடாதா என்று ஒரு கணம் ஏங்கினாள். எழுத்து மணிமணியாக இருந்தது. லா. வெய். அதற்குக் கீழே, இந்தியா.

"அவருதானுங்க மாமா."

அந்த வார்த்தையைச் சொல்லத்தானா படித்தோம் என்று நினைத்தாள். அங்கப்பன் ஜாடியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

சாம்பலைப் பவானி ஆற்றில் கரைத்துவிட்டு வந்தார்கள். லிம் டீச்சரின் பாடங்கள் வந்துகொண்டே இருந்தன. "வேண்டாங்க, தொறக்காதீங்க" என்று யாகூப்பிடம் சொல்லி அனுப்பினாள்.

ஒருநாள் காலையில் மாமியார் பாவாத்தாள் பென்சிலோடு வந்தாள்.

"அந்த எழுத்துல அவம்பேர எழுது கண்ணு. பாக்கறேன்."

காலண்டர் தாளின் பின்பக்கம் மதிவதனி எழுதினாள். பள்ளிக்கூடமே போகாத பாவாத்தாள் வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல எது ரவி?"

"ரண்டுமேதானுங்க அத்தை."

பாவாத்தாள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே போனாள்.